முரண்டு பிடித்த உருளை

என் மனைவி நடீன் காஸ்பர் நகரத்துக்குப் பல் பிடுங்கிக்கொள்ளப் போன நாளாகப் பார்த்துத்தான் அவளுடைய அக்கா லவோன் என் பட்டறைக்கு வந்தாள். தங்கையின் கார் நெடுஞ்சாலையில் ஏறும்வரை ஜன்னலில் நின்று காத்திருந்திருப்பாள் போல. அந்தக் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் இவளுடைய பிக்கப் வண்டி என் வாசலில் வந்து நின்றது.

“அவ இல்லையே?” என்றாள், நன்றாகத் தெரிந்துகொண்டே.

“இல்லைக்கா. பல் டாக்டர்கிட்ட போயிருக்கா.”

“நல்லது. பல்லோட சேர்த்து அந்த நாக்கையும் கொஞ்சம் வெட்டி அனுப்பச் சொல்லு. இங்க பாரு டுவெய்ன், நான் சொந்தக்காரியா வரலை. கஸ்டமரா வந்திருக்கேன்.”

ஒரு பழைய சட்டையில் சுற்றியிருந்த பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். பிரிக்கத் தேவையே இல்லை, உள்ளே இருப்பது என் மாமனார் ஹார்லனின் ரிவால்வர் என்று எனக்குத் தெரியும். நூறு மைல் சுற்றளவில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன் நான் ஒருவன்தான். இல்லாவிட்டால் இவள் என் வாசலை மிதித்திருக்க மாட்டாள்.

மாமனார் மார்ச் மாதம் இறந்துபோனார். பண்ணை இரண்டு மகள்களுக்கும் பொது. சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, சற்றுத் தள்ளி லவோன் வீடு, நடுவில் மேய்ச்சல் நிலமும் தண்ணீர் இறைக்கும் காற்றாலையும். இப்போது அந்த நிலத்தின் ஓரமாக இரும்புத் தூண்கள் கட்டுக் கட்டாக வந்து கிடக்கின்றன. திங்கட்கிழமை காலையில் ஆள் வந்து வேலி போடப் போகிறான். லவோன் ஏற்பாடு. வேலி போட்டுவிட்டால் காற்றாலை அவள் பக்கம் போய்விடும். தண்ணீரில்லாமல் நடீன் மாடு வளர்க்க முடியாது, விற்றுத் தொலைக்க வேண்டியதுதான். பிறந்ததிலிருந்து மாட்டோடு இருந்தவள் அவள். ஆனால் அக்காவிடம் போய்ப் பேசு என்றால் என் மீது பாய்வாள். நானும் சரிதான் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் ஆரம்பம் இந்த ரிவால்வர்தான். சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் ஊரில் சனிக்கிழமை தோறும் பழைய காலத்து உடுப்பில் கூடி, பழைய காலத்துத் துப்பாக்கியால் குறி சுடுகிற சங்கம் ஒன்று உண்டு. மாமனார் அதில் பெரிய கை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி ரிவால்வர்கள் இரண்டு, வலது இடுப்பில் ஒன்று, இடது இடுப்பில் ஒன்று. தோட்டாவில் கரிமருந்துதான் போடுவார். சுட்டால் ஒரு வைக்கோல்போர் எரிந்த மாதிரி புகை வரும். அவர் போனபிறகு அக்காளும் தங்கையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். “எது வேணுமோ எடுத்துக்க” என்றாள் லவோன். நடீன் கைக்கு அருகில் இருந்ததை எடுத்தாள். மிச்சமிருந்தது லவோனுக்கு.

அடுத்த மாதப் போட்டியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, லவோனின் ரிவால்வர் பாதியில் இறுகிப்போனது. பின்னாலிருக்கும் சுத்தியலை இழுத்தால்தானே தோட்டா போட்ட உருளை சுற்றி, அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும்? இரண்டு கட்டை விரலையும் போட்டு இழுத்தும் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். நடீனும் சிரித்தாள் என்று லவோன் சொல்கிறாள். இருமினேன் என்று நடீன் சொல்கிறாள். அன்றைக்கு ஆரம்பித்தது. நல்ல துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டவள் நாளைக்கு நல்ல நிலத்தைப் பொறுக்குவாள், நல்ல தண்ணீரைப் பொறுக்குவாள் என்று பேச்சு வளர்ந்து, வேலித் தூணில் வந்து நிற்கிறது.

“என்ன பண்ணுது?” என்றேன்.

“என்ன பண்ணுமா? முதல் அஞ்சு தோட்டா வெண்ணெய் மாதிரி போகும். அடுத்த அஞ்சுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். அப்படியே உன் பொண்டாட்டி மாதிரி.”

நான் வேலையைப் பார்த்தேன். முதலில் உருளையில் ஒவ்வொரு தோட்டா அறையாகத் திருப்பிப் பார்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். சுத்தியலைப் பாதி இழுத்து வைத்து, உருளையை விரலால் சுழற்றினேன். கிணுகிணுவென்று அழகாகச் சுற்றியது. ஒரு குறையும் இல்லை.

“பார்த்தியா, உன்கிட்ட வந்ததும் நல்ல பிள்ளையாயிடுச்சு” என்றாள் லவோன் கடுப்பாக. “என்னைப் பொய்க்காரி ஆக்கறதுக்குன்னே.”

“சும்மா இருங்கக்கா. சூடாகாம இது பேசாது.”

உருளையைத் தாங்கிச் சுற்றவிடுகிற அச்சுக்கம்பியை உருவினேன். அது வளைந்திருந்தால் சிக்கும். கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன், நேராக ஓடியது. கரி அடைந்திருந்தாலும் சிக்கும், ஆனால் லவோன் பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கி வைத்திருந்தாள். அவள் கொண்டுவந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். பின்பக்கம் எதுவும் துருத்திக்கொண்டு பின்னால் உரசவில்லை, முன்னால் ஈயக்குண்டு எதுவும் நழுவி வெளியே வரவில்லை. எல்லாம் ஒழுங்கு. எனக்கே எரிச்சல் வந்தது. ஒழுங்காக இருக்கிற பொருள் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டுக்குப் போனோம். ஐந்து சுட்டேன், ஒன்றுமில்லை. மறுபடி ஐந்து நிரப்பினேன். இரண்டாவதில் சுத்தியல் கனத்தது. நான்காவதில் உருளை நின்றே விட்டது.

“இந்தா!” என்று கைதட்டினாள் லவோன். துப்பாக்கி கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. “இப்ப சொல்லு, நான் பொய்யா சொன்னேன்?”

மிச்சத் தோட்டாவை எடுத்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினோம். குழலின் பின்விளிம்புக்கும் உருளையின் முகத்துக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி ஒன்று இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். இதில் தெரியவில்லை. என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய அளவுத்தகட்டை நுழைத்தேன், போகவில்லை. கரியைத் துடைத்து, ஆறவைத்த பிறகுதான் அது அரைமனதாக நுழைந்தது. அவ்வளவுதான் சங்கதி. இடம் போதவில்லை. கொஞ்சம் கரி படிந்ததும், சூட்டில் கொஞ்சம் வீங்கியதும், உருளை போய்க் குழலில் முட்டிக்கொள்கிறது.

“சரி பண்ணலாமா?”

“பண்ணலாம். குழலோட விளிம்பை அரத்தால லேசா ராவினா போதும். அப்புறம் ஜென்மத்துக்கும் சிக்காது.”

“அப்ப ராவு. எதுக்கு நிக்கறே?”

ரிவால்வரை அசையாமல் பிடிக்கிற வைஸில் பூட்டினேன். அரத்தைக் கையில் எடுத்தேன். எடுத்தவன், இரும்பில் வைக்கவில்லை. ஏதோ உறுத்தியது. ராவிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் இரும்பை ஒருமுறை ராவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. மாமனார் இதே துப்பாக்கியில், இதே கரிமருந்தில், முப்பது வருஷம் சுட்டிருக்கிறார். ஒருநாளும் சிக்கியதில்லை. இருமல் வந்தால்கூட “என் துப்பாக்கி இருமாது” என்று பெருமை பேசுகிற மனுஷன். அவர் செத்த மறுமாதம் இரும்பு எப்படி வளரும்?

“என்னய்யா, ஜெபம் பண்றியா?” என்றாள் லவோன்.

“அக்கா, உங்க அப்பா இருந்தவரைக்கும் இது சிக்கலையே.”

“சிக்கினதை மறைச்சிருப்பாரு. சிக்கறது எதுன்னு உன் பொண்டாட்டிக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அதான் சட்டுன்னு மத்ததை எடுத்தா. அவளுக்கு எல்லாம் கணக்குதான். அப்பாவைக் குழியில இறக்கறப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? கல்லு மாதிரி நின்னா. அவளா எனக்குத் தண்ணி விடப்போறா?”

இதுதான் அவள் நெஞ்சில் கிடந்த முள். துப்பாக்கி, தண்ணீர் எல்லாம் அப்புறம் வந்தவை. நடீன் அன்றைக்கு அழவில்லை என்பது எனக்கும் தெரியும். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டு, உருளையைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன்.

ஆறு அறைகளில் ஐந்தில்தான் தோட்டா போடுவோம். சுத்தியல் எப்போதும் காலி அறையின் மேல்தான் படுத்திருக்க வேண்டும், அப்போதுதான் தவறி விழுந்தாலும் வெடிக்காது. காலி விடுகிற அறை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று மாமனார் அதன் விளிம்பில் நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைத்திருப்பார். மாமியாரின் பாலிஷ். அவள் இருந்தவரை, “என் விரலுக்குப் பூசறதைவிட அந்தச் சனியனுக்குப் பூசினதுதான் அதிகம்” என்று கத்துவாள். லவோன் தேய்த்த தேய்ப்பில் பொட்டு போய்விட்டிருந்தது. ஆனால் பள்ளத்தில் துளி மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அது என்ன பார்க்கறே?” என்று எட்டிப் பார்த்தாள் லவோன். “அம்மாவோட பாலிஷா? அப்பா என்னோடதுக்கு ரோஸ் வச்சிருந்தாரு. பிடியோட அடியிலகூட ஒரு பொட்டு இருக்கும் பாரு.”

கைப்பிடியைத் திருப்பினேன். அடியில் ரோஸ் நிறப் பொட்டு அப்படியே இருந்தது. உருளையை அவளிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“இது சிவப்பு” என்றாள்.

“சிவப்பு எந்தத் துப்பாக்கிக்கு வச்சார்?”

“சிவப்பு வலது கைத் துப்பாக்கிக்கு. நடீனோடதுக்கு.” சொல்லி முடிப்பதற்குள் அவள் முகமே சிவந்துவிட்டது. “அடிப்பாவி! மாத்திட்டாளா? என் உருளையை எடுத்துக்கிட்டு ஓட்டை உருளையை எனக்கு மாட்டிவிட்டாளா?”

“அக்கா, கொஞ்சம் பொறுங்க…”

“என்ன பொறுக்கறது? திங்கட்கிழமை எதுக்கு, நாளைக்கே வேலி போடச் சொல்றேன். முள்ளுக்கம்பி ரெண்டு சுத்து சேர்த்துப் போடச் சொல்றேன்!”

அந்த நேரம் பார்த்தா நடீனின் கார் வந்து நிற்க வேண்டும்? பல் சுலபமாக வந்துவிட்டதாம், சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு பட்டறை வாசலில் நின்றாள். அக்காவின் வண்டியையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள், என்னை ஒரு முறை முறைத்தாள். நான் வைஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“இவ இங்க என்ன பண்றா?” என்றாள் பஞ்சுக்கு நடுவிலிருந்து.

“திருட்டைக் கண்டுபிடிக்க வந்தேன்டி” என்றாள் லவோன். “போய் உன் ரிவால்வரை எடுத்துட்டு வா. அதுல என்ன பொட்டு இருக்குன்னு உன் புருஷன் பார்க்கட்டும்.”

“அதை யாரும் தொடக்கூடாது.”

“ஏன்? குட்டு வெளிப்பட்டுடுமா?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நடீன் அந்த ரிவால்வரை என்னைத் தொடவே விட்டதில்லை. கட்டினவன் துப்பாக்கி பழுது பார்க்கிறவன், ஆனால் தானே சுடுவாள், தானே துடைப்பாள், தானே பூட்டி வைப்பாள். போன மாதம் அவள் பக்கத்தில் நின்று சுட்ட சங்கத்துக்காரன் கர்ட், “உங்க வீட்டம்மா துப்பாக்கி பக்கவாட்டுல தீப்பொறி துப்புது, என் கன்னத்துல சுள்ளுன்னு பட்டுச்சு” என்றான். கொடு, பார்க்கிறேன் என்று நடீனிடம் கேட்டேன். அன்றைக்கு இரவு எனக்கு ஆறிப்போன சாப்பாடுதான் கிடைத்தது.

இப்போது அது சட்டென்று ஞாபகம் வந்தது. ஒன்று இறுகுகிறது, இன்னொன்று துப்புகிறது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முட்டாள், முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“நடீன், ஒரே ஒரு தடவை எடுத்துட்டு வா. நான் தொடலை. நீயே கழட்டு” என்றேன்.

என் முகத்தில் என்ன கண்டாளோ, போய் எடுத்துவந்தாள். தானே உருளையைக் கழற்றினாள். கைப்பிடியடியில் சிவப்புப் பொட்டு. உருளையின் விளிம்பில், இவள் அவ்வளவாகத் தேய்க்காததால், முழுசாக ஒரு ரோஸ் பொட்டு.

“பார்த்தியா!” என்று கத்தினாள் லவோன்.

“என்னத்தைப் பார்க்கறது? நல்ல உருளையைத் திருடினவ துப்பாக்கியா இப்படித் துப்பும்?” நடீன் தன் வலது கையை நீட்டினாள். விரல் முட்டிகளில் கறுப்புக் கறுப்பாகச் சுட்ட புள்ளிகள். “சுடறப்பல்லாம் கையில படுது. தோட்டாவுக்கு வலுவே இல்லை, குறிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தூங்கிடுது. நீதான் தேஞ்சுபோனதை என் பக்கம் தள்ளி வச்சேன்னு நான் நெனச்சிருந்தேன்.”

“அப்ப ஏன்டி வாயைத் திறக்கலை? வீட்டுலயே ரிப்பேர்க்காரனை வச்சுக்கிட்டு?”

நடீன் பஞ்சைத் துப்பினாள். “இவன் பார்த்துட்டு, உங்க அப்பா துப்பாக்கி முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டா?” அவ்வளவுதான் சொன்னாள்.

மேஜையில் இரண்டு ரிவால்வரும் வயிறு திறந்து கிடந்தன.

“யாரும் திருடலை” என்றேன் நான். “நல்ல உருளை, கெட்ட உருளைன்னு ஒண்ணும் இல்லை. அக்காகிட்ட இருக்கறது நீளம் ஒரு மயிரிழை ஜாஸ்தி, அந்தத் துப்பாக்கி உடம்புல முட்டுது. உன்கிட்ட இருக்கறது மயிரிழை கம்மி, இந்த உடம்புல இடைவெளி விட்டுத் துப்புது. அததுக்குன்னு பொருத்தின துப்பாக்கில ரெண்டும் சரியா இருந்துச்சு. எங்கேயோ இடம் மாறியிருக்கு. எங்க மாறிச்சு? ரெண்டையும் ஒண்ணாக் கழட்டினது எப்ப?”

மாமனாருக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒன்றைக் கழற்றி, துடைத்து, பூட்டி, உறையில் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். சிறு வயதில் மீறியதற்கு இருவருமே அவரிடம் காது திருகப்பட்டவர்கள். அவர் இருந்தவரை இரண்டும் ஒரே நேரத்தில் மேஜையில் கிடந்ததே இல்லை.

“அடக்கம் பண்ணின அன்னிக்கு” என்றாள் நடீன் மெதுவாக.

எங்கள் சங்கத்தில் ஒருவர் போனால், புதைத்துவிட்டு வந்து அவருடைய துப்பாக்கியால் வீட்டார் ஐந்து தோட்டா வானத்தை நோக்கியல்ல, மண்மேட்டை நோக்கிச் சுடுவார்கள். அன்றைக்கு அக்காள் ஒன்றில், தங்கை ஒன்றில் சுட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கரிமருந்தை அப்படியே விட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று இவர்கள் இருவரும் மாமனாரின் சமையலறை மேஜையில், ஒரு துண்டை விரித்துத் துடைக்க உட்கார்ந்தார்கள். நான் ஒருமுறை காபிக்காக எட்டிப் பார்த்தேன். இருவரும் தலை நிமிரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

“நீ துடைச்சுத் துடைச்சுத் துண்டுல வச்சே” என்றாள் நடீன். “நான் எடுத்து எடுத்து மாட்டினேன்.”

“ரெண்டையும் ஒண்ணா வச்சேன்” என்றாள் லவோன். குரல் இறங்கிவிட்டது. “ஆனா அவ்வளவு பெரிய பொட்டு. சிவப்பும் ரோஸும் தெரியாமயா மாட்டுவே? கண்ணு எங்கடி போச்சு?”

“கண்ணு தெரிஞ்சாத்தானே?” என்றாள் நடீன். “அழுதுக்கிட்டிருந்தேன்க்கா. எதிர்ல இருந்த நீயே எனக்குத் தெரியலை.”

லவோன் அவளையே பார்த்தாள். முற்றிலும் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல் தன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ அழுததை நான் பார்க்கலையே” என்றாள் கடைசியில்.

“நீ எப்படிப் பார்ப்பே? நீயும்தானே அழுதுக்கிட்டிருந்தே. துண்டால துப்பாக்கியைத் துடைச்சியா, மூக்கைத் துடைச்சியான்னே தெரியலை.”

லவோன் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. வீங்கின கன்னம் என்றும் பார்க்காமல் தங்கையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “வலிக்குது… வலிக்குதுக்கா!” என்று நடீன் கத்தினாள், ஆனால் விலகவில்லை. நான் என்ன செய்வது? இரண்டு உருளையையும் எடுத்து, பொட்டு பார்த்து, சிவப்பைச் சிவப்போடும் ரோஸை ரோஸோடும் மாட்டினேன். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். வைஸுக்குப் பக்கத்தில் கிடந்த அரத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் லவோன் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள், திங்கட்கிழமை வேலியும் போட்டிருப்பாள்.

மண்மேட்டில் இருவரும் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். ஐந்து, மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து. உருளை இறுகவும் இல்லை, தீப்பொறி துப்பவும் இல்லை. புகையில் இருவரையும் காணவில்லை, பேச்சு மட்டும் கேட்டது.

“குறி தப்பிடுச்சு பாரு. இப்பயும் துப்பாக்கியைத்தான் சொல்லுவியா?”

“உன் தோள் இடிச்சுதுடி, தள்ளி நில்லு.”

பட்டறைக்குத் திரும்பியதும் லவோன் கேட்காமலேயே என் டெலிபோனை எடுத்தாள். வேலி போடுகிறவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வர வேண்டாம் என்றாள். அவன் ஏதோ கத்துவது எங்களுக்கே கேட்டது.

“தூண் அங்கேயே கிடக்கட்டும்யா, தக்காளிச் செடிக்கு ஊணிக்கறோம்” என்றாள். “என்னது? காரணமா? ரிவால்வர்ல உருளை சிக்கிச்சு. இப்ப சரியாயிடுச்சு. அதான் காரணம்.”

அவன் எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. போனை வைத்துவிட்டு, தங்கச்சிக்குக் கஞ்சி மாதிரி ஏதாவது வைத்துக் கொடுக்கிறேன் என்று எங்கள் சமையலறைக்குள் போனாள்.